கோடும் சொல்லும்: அரிவாளணுச் சோகையைக் கண்டறியும் தாள்பட்டையின் வரலாறு

2023ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் இந்நோயை ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லாமற் செய்வதும் அதன் இலக்குகள். அன்றைய நிகழ்ச்சியில் மரபணு நிலையைக் குறிக்கும் அட்டைகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதி, ஒரு தாள்பட்டை, சில நிமிடக் காத்திருப்பு, பட்டையில் தோன்றும் அல்லது தோன்றாமற்போகும் கோடு.

மனித மரபணுவில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றத்தை மலைக்கிராமத்தின் துணைச் சுகாதார நிலையத்திலேயே கண்டறிய முடிவது பெரும் அறிவியல் சாதனை. ஆயினும் இச்சாதனையின் நூறாண்டு வரலாற்றில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மாற்றமுற்ற மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழ்பவர்; இரு பிரதிகளையும் பெற்றவர் நோயுற்றவர். முன்னவரை மரபணுவைச் 'சுமப்போர்' எனலாம். இவ்விரு நிலைகளையும் சோதனை பிரித்துக் காட்டத் தவறிய காலத்தில் அறிவியல் பிழைபட்டது. சோதனை பிரித்துக் காட்டிய பின்னும், அவ்வேறுபாட்டை மொழி பிரித்துச் சொல்லத் தவறிய இடத்தில் மனிதர்கள் பாதிக்கப்பட்டனர்.

1. அடைக்கப்பட்ட துளி

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்திருந்த ஓர் இளைஞரின் குருதியில் நீண்டு வளைந்த, அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கண்டதாகப் பதிவு செய்தார். 1917இல் விக்டர் எம்மெல் இதற்கு முதல் சோதனை முறையை அமைத்தார். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், ஆக்சிஜன் குறையக் குறைய அணுக்கள் வளைந்து அரிவாள் வடிவம் கொள்ளும். நோயாளியின் தந்தை நலமாகவே இருந்தார். எனினும் அவருடைய குருதியணுக்களும் அடைத்த துளியில் அவ்வாறே வளைந்தன. 1922இல் வெர்ன் மேசன் இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார்.

அடைத்த துளிச் சோதனைக்கு ஒரு விடைதான் உண்டு: அணு வளைகிறது அல்லது வளையவில்லை. தந்தையும் மகனும் அதன் பார்வையில் ஒருவரே. எனவே 1923இல் தாலியாபெரோவும் ஹக்கும் குடும்ப வழிகளை ஆராய்ந்தபோது, இது ஒற்றை ஓங்கு மரபணுவால் கடத்தப்படும் பண்பு என்று முடிவு செய்தனர். அவர்களுடைய தருக்கத்தில் குறையில்லை; சோதனை தந்த தரவில்தான் குறை இருந்தது. அக்கருத்து கால் நூற்றாண்டு நிலைத்தது. 1949இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நீலும், வடக்கு ரொடீசியாவில் பணியாற்றிய பீட்டும் தனித்தனியே அதனைத் திருத்தினர். ஒரு பிரதி பெற்றவர் சுமப்போர், இரு பிரதி பெற்றவர் நோயுற்றோர் என்னும் விளக்கம் அப்போதுதான் நிலைபெற்றது.

அதே 1949இல் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ, சிங்கர், வெல்ஸ் ஆகியோர் இவ்வேறுபாட்டை வேதியியல் வழியே காட்டினர். மின்புலத்தில் ஹீமோகுளோபின் நகரும் விதத்தை அளந்தபோது, இயல்பான குருதியின் ஹீமோகுளோபின் ஒருவிதமாகவும், நோயுற்றோரின் ஹீமோகுளோபின் வேறுவிதமாகவும் நகர்ந்தது. சுமப்போரின் குருதியில் இரண்டும் கலந்திருந்தன. ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூறின் மாற்றத்தில் இருக்க முடியும் என்று முதன்முதலில் காட்டிய ஆய்வு இது. மூன்று நிலைகளை மூன்றாகவே காட்டிய முதற்சோதனையும் இதுவே.

2. வடிகட்டுத் தாளில் ஒரு புள்ளி

பாலிங் குழுவினர் பயன்படுத்திய கருவி பெரியது, விலை உயர்ந்தது. அடுத்த பெருங்கண்டுபிடிப்பு எளிய பொருளொன்றின்மேல் நிகழ்ந்தது: வடிகட்டுத் தாள். கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் ஹீமோகுளோபினை டிரிப்சின் என்னும் நொதியால் சிறு துண்டுகளாக்கினார். அத்துண்டுகளை ஈரத் தாளில் ஒரு திசையில் மின்புலத்தால் பிரித்தார்; பின் அதே தாளில் செங்குத்துத் திசையில் கரைப்பானை ஏறவிட்டு மறுபடியும் பிரித்தார். நின்ஹைட்ரின் தெளித்ததும் ஏறத்தாழ 30 புள்ளிகள் நிறம் பெற்றன. இயல்பான ஹீமோகுளோபினின் தாளையும் அரிவாளணு ஹீமோகுளோபினின் தாளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. இம்முறைக்கு 'விரல்ரேகை' என்றே பெயர் வழங்கலாயிற்று.

1956இலும் 1957இலும் வெளியான அவருடைய ஆய்வுகள் அப்புள்ளியின் பொருளை விளக்கின. பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. பிற்காலத்தில் டி.என்.ஏ. வரிசை அறியப்பட்டபோது, அதற்குரிய மூன்றெழுத்துக் குறியில் நடுவெழுத்தான 'ஏ' மாறி 'டி' ஆகியிருப்பது தெரியவந்தது. இன்றைய ஆய்வேடுகள் அதே இடத்தை 7 என எண்ணுகின்றன. புரத உருவாக்கத்தின் தொடக்கத்தில் வந்து பின் நீக்கப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதே காரணம். பழைய மருத்துவ நூலில் 6 என்றும் புதிய மரபணு அறிக்கையில் 7 என்றும் கண்டு மாணவர்கள் குழம்புவதுண்டு. மாறியது எண்ணும் மரபு மட்டுமே.

3. நீலகிரியும் மேல் அசாமும்

இந்தியா இவ்வரலாற்றுக்குள் வந்தது 1952இல். அவ்வாண்டு இரு பதிவுகள் வெளியாயின. ஒன்று நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணுக் கூறு காணப்படுவதாக ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. மற்றொன்று மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இந்நோய் இருப்பதாக டன்லாப்பும் மஜும்தாரும் எழுதியது.

ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு கட்டுரைகளும் ஒரே மரபணு மாற்றத்தைப் பற்றியவை. ஆனால் அவை எழுப்பிய கேள்விகள் வேறு. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லேமன், உகாண்டாவில் பணியாற்றியபோது அங்கே அரிவாளணுக் கூறு பரவலாக இருப்பதைக் கண்டிருந்தார். கட்புஷ் இலண்டனைச் சேர்ந்த குருதிவகை ஆய்வாளர். அவர்களுக்கு நீலகிரி ஒரு மானிடவியல் கேள்விக்கான களம். இந்தியப் பழங்குடிகளுக்கும் அரேபியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் மக்களுக்கும் பழந்தொடர்பு உண்டா என்பதே அக்கேள்வி. லேமன் 1954இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே, அரிவாளணு மரபணுவின் பரவல் கிழக்கு ஆப்பிரிக்க மக்களின் தோற்றத்தின்மீது புதிய ஒளி பாய்ச்சுவதாகக் கூறியது. அது வெளிவந்த இதழின் பெயர் யூஜெனிக்ஸ் ரிவ்யூ. குருதித்துளி இங்கே இனவரலாற்றின் சான்றாக வாசிக்கப்பட்டது. அசாமின் கட்டுரைக்குப் பின்புலமாக இருந்தவர்களோ, வாழ்ந்த மண்ணை விட்டுத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே நோயுற்ற தொழிலாளர்கள்.

அடுத்து வந்த பல ஆண்டுகளில் முதல் வாசிப்பே மேலோங்கியது. இந்தியாவின் பல பழங்குடிகளிடையே அரிவாளணுக் கூறு எத்தனை விழுக்காடு என்று கணக்கிடும் அளவீடுகள் பெருகின. ஒருவருடைய குருதியில் அது இருப்பதை அவருக்கே தெரிவித்து, அதற்குரிய மருத்துவத்தை அளிக்கும் ஏற்பாடுகள் மிகப் பின்னரே வந்தன.

இனச்சான்று என்னும் வாசிப்பைத் தளர்த்தியது மலேரியா ஆய்வு. சுமப்போருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதை 1954இல் ஆன்டனி அல்லிசன் காட்டினார். மலேரியா நெடுங்காலம் நிலவிய நிலப்பகுதிகளில் இம்மரபணு நிலைபெற்றதற்கு இயற்கைத் தேர்வே விளக்கமாயிற்று. 1986இல் குலோசிக்கும் உடன் ஆய்வாளர்களும், ஒடிசாவிலும் கிழக்கு அரேபியாவிலும் காணப்படும் மரபணுச் சூழலைக் கொண்டு, ஆசியாவில் இம்மாற்றம் தனியே தோன்றியது என வாதிட்டனர். 2018இல் முழு மரபணுத்தொகுதித் தரவுகளைக் கொண்டு ஷ்ரைனரும் ரொட்டிமியும் அனைத்துக்கும் ஒரே மூலம் என்னும் எதிர்முடிவை முன்வைத்தனர்.

இந்திய வகையில் கருநிலை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் மென்மையானது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. நாகபுரிப் பகுதிக் குழந்தைகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள், அங்கே நோய் கடுமையாகவும் வெளிப்படுவதைக் காட்டின. 'மென்மையானது' என்ற ஒரு சொல் பல குழந்தைகளின் வலியைப் பொருட்படுத்தத் தேவையற்றதாக்கிவிட வல்லது.

4. குழாயின் பின்னே மறைந்த கோடுகள்

1960களின் இறுதியில் அமெரிக்காவில் கரைதிறன் சோதனை வணிகப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. அதன் முறை எளிது. குருதியை ஒரு வேதிக்கரைசலில் கலக்கினால், அரிவாளணு ஹீமோகுளோபின் கரையாமல் கலங்கல் உண்டாகும். குழாயின் பின்னே கறுப்புக் கோடுகள் இட்ட அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். கோடுகள் தெரிந்தால் 'இல்லை', தெரியாவிட்டால் 'உண்டு'. விலை குறைவு, சில நிமிடங்களே போதும், நுண்ணோக்கி தேவையில்லை.

ஆனால் இச்சோதனை 1917இன் அடைத்த துளி செய்த தவற்றையே மீண்டும் செய்தது. சுமப்போர், நோயுற்றோர் இருவருடைய குருதியும் கலங்கும். கருநிலை ஹீமோகுளோபின் மிகுந்த பிறந்த குழந்தைகளிடம் இது பயன்படவும் இல்லை. இருபதாண்டுகளுக்கு முன்பே மின்புலப் பிரிப்பு தெளிவாக்கிவிட்ட வேறுபாட்டை, விரைவின் பொருட்டு வந்த சோதனை மறுபடியும் மங்கச் செய்தது.

அதன் விளைவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் கறுப்பினத்தவரை இலக்காகக் கொண்ட கட்டாயச் சோதனைச் சட்டங்களை இயற்றின. 1972 மே மாதத்தில் அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட தேசியச் சட்டத்தின் முகவுரை, இந்நோய் ஏறத்தாழ 20 இலட்சம் அமெரிக்கர்களைப் பீடிப்பதாகக் கூறியது. அது சுமப்போரின் எண்ணிக்கைக்கு நெருங்கியது. நோயுற்றோர் அதில் மிகச் சிறு பங்கினரே. ஒரு நாட்டின் சட்டவாசகமே நலமாக வாழும் இலட்சக்கணக்கானோரை நோயாளிகளாக்கியது. காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் சுமப்போர் பாகுபாட்டுக்கு உள்ளானதாகப் புகார்கள் எழுந்தன. அமெரிக்க விமானப்படைக் கழகம் சுமப்போரைச் சேர்க்க மறுத்துவந்த விதி 1981இல்தான் கைவிடப்பட்டது.

அக்காலச் சோதனை இயக்கத்தை நடத்தியோருள் கறுப்பினச் செயற்பாட்டாளர்களும் இருந்தனர். பிளாக் பாந்தர் கட்சி தன் மருத்துவ மையங்களில் இலவசச் சோதனைகளை நடத்தியது. புறக்கணிக்கப்பட்ட ஒரு நோயை அரசியல் கேள்வியாக்கியதில் அதற்குப் பங்குண்டு. நன்னோக்கத்தோடு வந்தவர்களும், பாகுபாட்டோடு வந்தவர்களும் ஒரே குழாயைத்தான் கையில் வைத்திருந்தனர்.

5. மரபணுவையே வாசித்தல்

இதுவரை கண்ட சோதனைகள் அனைத்தும் புரதத்தைப் பார்த்தவை. டி.என்.ஏ.வையே நேரே வாசிக்கும் முயற்சிகளுக்கும் அரிவாளணு மரபணுவே பயிற்சிக்களமாயிற்று. 1978இல் கானும் டோசியும், அம்மரபணுவின் அருகே ஒரு வெட்டுநொதியின் வெட்டிடம் மாறியிருப்பதைக் கொண்டு கருவிலேயே நோயைக் கணிக்க வழிகண்டனர். 1980களின் தொடக்கத்தில், மாற்றம் நிகழ்ந்த இடத்தையே நேரடியாக அறியும் வெட்டுநொதிகள் பயன்பாட்டுக்கு வந்தன. 1983இல், ஒற்றை எழுத்து வேறுபாட்டையும் இனங்காணும் குறுகிய டி.என்.ஏ. துணுக்குகள் இதே மரபணுவில் சோதிக்கப்பட்டன. இன்று கோவிட் காலத்தால் வீட்டுச் சொல்லாகிவிட்ட பி.சி.ஆர். முறை முதன்முதலில் ஆய்விதழில் வெளியானது 1985இல். அக்கட்டுரையின் பொருள் அரிவாளணுச் சோகையைக் கண்டறிதல்.

1989இல் பி.சி.ஆர். முறையை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ராண்டால் சைக்கியும் உடன் ஆய்வாளர்களும் வேலையின் திசையைத் திருப்பிப்போட்டனர். அதுவரை நோயாளியின் டி.என்.ஏ.வைச் சவ்வில் பதித்து, துணுக்குகளை ஒவ்வொன்றாக அதன்மேல் பாய்ச்சினர். இவர்களோ பல துணுக்குகளைப் புள்ளிகளாக நைலான் சவ்வில் முன்கூட்டியே பதித்து, நோயாளியின் பெருக்கப்பட்ட டி.என்.ஏ.வை அதன்மேல் பாய்ச்சினர். எந்தப் புள்ளி நிறம் பெறுகிறதோ அந்த மாற்றம் உண்டு. பீட்டா தலசீமியாவின் பல மாற்றங்களை ஒரே பட்டையில் பார்க்க இது வழிவகுத்தது. மரபணு மாறுபாட்டைப் பட்டையில் வாசிக்கும் மரபின் முன்னோடி இது. ஆயினும் அதற்கு ஆய்வகம் வேண்டும், வெப்பநிலைக் கட்டுப்பாடு வேண்டும், பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

6. ஒரே கோடு, இரு பொருள்

ஆய்வகத்துக்கு வெளியே பட்டையைக் கொண்டுவந்தது கருத்தரிப்புச் சோதனையில் பழகிய தொழில்நுட்பம். நைட்ரோசெல்லுலோஸ் சவ்வில் நீர்மம் தானே ஊர்ந்து செல்லும். வழியில் பதிக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் தமக்குரிய மூலக்கூறைப் பிடிக்கும். நிறத்துகள்கள் கோடாகத் திரளும். 2010களில் இத்தொழில்நுட்பம் ஹீமோகுளோபினுக்குப் பொருத்தப்பட்டது. இயல்பான 'ஏ' வகை, அரிவாளணு 'எஸ்' வகை, ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் 'சி' வகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் பட்டைகள் உருவாயின. குருதித்துளியே போதும், மின்சாரம் வேண்டியதில்லை, பிறந்த குழந்தைக்கும் பயன்படும். யாவற்றுக்கும் மேலாக, கரைதிறன் சோதனை மங்கச் செய்த வேறுபாட்டை இவை மீட்டன: இயல்பானவர், சுமப்போர், நோயுற்றோர் என்னும் மூன்று நிலைகளுக்கும் மூன்று விடைகள்.

இங்கே மொழியியல் மாணவர்களுக்கு ஆர்வமூட்டும் நுட்பம் ஒன்றுண்டு. பரவலாகப் பயன்படும் இரு பட்டைகளுள் சிக்கிள் ஸ்கேன் என்பதில் 'எஸ்' இடத்தில் கோடு தோன்றினால் அரிவாளணு ஹீமோகுளோபின் உண்டு. ஹீமோடைப்எஸ்சி என்பதிலோ 'எஸ்' இடத்தில் கோடு தோன்றாவிட்டால்தான் அது உண்டு. பின்னது போட்டிமுறையில் இயங்குவது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் எதிர்ப்பொருளை முன்பே பற்றிக்கொள்வதால் அவ்விடத்தில் நிறம் சேர்வதில்லை. குறிக்கும் குறிப்பொருளுக்கும் இடையிலான உறவு இயற்கையானதன்று, மரபால் அமைவது என்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரு பட்டையில் பழகிய செவிலியர் மற்றதை அதே பழக்கத்தில் வாசித்தால் நலமானவர் நோயாளியாவார், நோயாளி நலமானவராவார். பயிற்சி என்பது இங்கே வாசிப்புப் பயிற்சியே.

பட்டைக்கு வேறொரு எல்லையும் உண்டு. ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாளணு மரபணுவையும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணுவையும் பெற்றவர் நோயுறலாம். அவருள் ஒரு சாராரிடம் இயல்பான ஹீமோகுளோபினும் ஓரளவு இருக்கும் என்பதால், பட்டை அவரைச் சுமப்போர் எனக் காட்டிவிடும். எனவேதான் எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் நிறப்பகுப்பு முறையால் உறுதிப்படுத்தல் இன்றும் தேவைப்படுகிறது.

7. ஃபெலூடா

டெல்லியிலுள்ள மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் தேபோஜ்யோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் நடத்திய ஆய்வுக்குழு அரிவாளணு மரபணு மாற்றத்தைத் திருத்தும் வழிகளை ஆராய்ந்து வந்தது. அவர்கள் கையாண்டது ஃபிரான்சிசெல்லா நோவிசிடா என்னும் பாக்டீரியாவின் கேஸ்9 நொதி. கிரிஸ்பர் ஆய்வில் பரவலாகப் பயன்படும் வேறு கேஸ்9 நொதிகளைக் காட்டிலும் இது எழுத்துப் பொருத்தத்தில் மிகக் கண்டிப்பானது, வழிகாட்டி ஆர்.என்.ஏ.வோடு ஓர் எழுத்துப் பொருந்தாவிடினும் பிணைப்புத் தளர்கிறது. மரபணுவைத் திருத்தப் பயன்படும் இக்கண்டிப்பு, மரபணு மாறுபாட்டைக் கண்டறியவும் பயன்படும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். பெருக்கப்பட்ட டி.என்.ஏ.வோடு நொதி பிணைந்தால் தாள்பட்டையில் கோடு தோன்றும். புரதத்தின் வழியே ஊகிப்பதை விடுத்து, மாறிய எழுத்தையே தாளில் காட்டும் முறை இது.

இதற்கு ஃபெலூடா என்று பெயர். எஃப்என்கேஸ்9 எடிட்டர் லிங்க்டு யூனிஃபார்ம் டிடெக்‌ஷன் அஸே என்னும் தொடரின் முதலெழுத்துகள் என்பது விளக்கம். 1965இல் சத்யஜித் ராய் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் படைத்த துப்பறிவாளர் பிரதோஷ் சந்திர மித்திரின் செல்லப்பெயரும் அதுவே. தொடரைப் பார்த்தாலே பெயர் முன்பும் விரிவு பின்பும் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

2020இல் உலகைச் சூழ்ந்த பெருந்தொற்று இப்பட்டையின் வழியை மாற்றியது. அதே நொதி கொரோனா வைரசின் மரபுப்பொருளைத் தேடப் பழக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் வழங்கியது. டாடா குழுமம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாடெங்கும் ஃபெலூடாவைக் கோவிட் சோதனையாக அறிந்தவர்களுள், அதன் வேர் அரிவாளணுச் சோகை ஆய்வில் இருந்ததை அறிந்தோர் சிலரே. பழங்குடி மக்களிடையே மிகுதியான ஒரு நோய்க்கென வளர்ந்த அறிவு, அனைவரையும் அச்சுறுத்திய நோய் வந்தபோது சில மாதங்களில் பட்டையாகி வெளிவந்தது. பட்டைக்கு முன் டி.என்.ஏ.வைப் பெருக்கும் கருவி இன்னும் தேவைப்படுவதால், மலைக்கிராமங்களில் இன்று பெரிதும் பயன்படுபவை எதிர்ப்பொருட் பட்டைகளும் கரைதிறன் சோதனையுமே.

8. அட்டையும் வாக்கியமும்

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் தேசிய இயக்கத்தில் 6 கோடிக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். கண்டறியப்பட்ட சுமப்போர் எண்ணிக்கை நோயுற்றோர் எண்ணிக்கையின் பல மடங்கு. நோயுற்றோருக்கு ஹைட்ராக்சியூரியா உள்ளிட்ட மருத்துவம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சுமப்போருக்கு மருந்து எதுவும் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு செய்தி: நீங்கள் நோயாளி அல்லர், உங்கள் துணைவரும் சுமப்போராயின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சோதனையின் விடைகளுள் பெரும்பகுதி மருத்துவமாக முடியாமல் இந்த வாக்கியமாகவே முடிகிறது.

இவ்வாக்கியம் எளிதன்று. கிரேக்க நாட்டின் ஓர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் நடந்த சோதனையை இதற்குச் சான்றாக மரபியலார் எடுத்துக்காட்டுவர். சோதித்து ஆலோசனை வழங்கிச் சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் சென்றபோது, சுமப்பது களங்கமாகக் கருதப்படுவதையும், திருமணப் பேச்சின்போது சிலர் தம் நிலையை மறைத்ததையும் கண்டனர். 1974இல் ஸ்டாமடோயானோபூலோஸ் இதைப் பதிவு செய்தார். அங்கே சோதனை சரியாகவே இருந்தது. மூன்று நிலைகளும் பிரித்தே சொல்லப்பட்டன. எனினும் கேட்டவர் மனத்தில் இரண்டு நிலைகளே பதிந்தன: பழுதுள்ளவர், பழுதற்றவர்.

இந்தியாவின் மரபணு அட்டை திருமணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும் என்னும் நோக்கத்தோடு தரப்படுகிறது. சாதகம் பார்க்கும் வழக்கம் வேரூன்றிய சமூகத்தில் 'பொருத்தம்' என்னும் சொல் இவ்வட்டையோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். இரு சுமப்போருக்கிடையிலான மணத்தை எண்ணிப்பார்க்கச் சொல்லும் அறிவுரை, சுமக்கும் பெண்ணை எவருமே மணக்கலாகாது என்னும் விலக்காகத் திரிவதற்குச் சில வீடுகளின் பேச்சே போதும். சுமக்கும் ஒருவர், அரிவாளணு மரபணுவோ தலசீமியா போன்ற பிற ஹீமோகுளோபின் மாற்றமோ இல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது என்னும் எளிய உண்மை அந்தப் பேச்சில் முதலில் தொலைந்துபோகும்.

தமிழ்க் கலைச்சொற்களும் இங்கே பொறுப்பேற்க வேண்டியுள்ளது. சுமப்போரைக் குறிக்க 'நோய்க்கடத்தி' என்னும் சொல் வழங்குகிறது. கொசு முதலியவற்றைக் குறிப்பதும் அதே சொல். நலமாக வாழும் மனிதரைத் தொற்று பரப்பும் பூச்சியோடு ஒரே சொல்லில் அடைப்பது பட்டையின் தவறாகாது. மூன்று நிலைகளுக்கும் ஒன்றோடொன்று மயங்காத மூன்று சொற்கள் ஒவ்வொரு மொழிக்கும் வேண்டும். இந்நோய் மிகுந்த நிலப்பகுதிகளில் பேசப்படும் மொழிகளுள் பீலி 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி. கோண்டி ஏறத்தாழ 30 இலட்சம் பேருடையது. இரண்டும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. நீலகிரியில் பணியர் பேசும் மொழிக்கும் பள்ளிப் பாடநூலோ சுகாதாரக் கையேடோ எளிதில் கிடைப்பதில்லை. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை, நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டாயம் வரும் என்று கேட்பவர் புரிந்துகொள்ளாதபடி இம்மொழிகளில் சொல்லும் முறையை வகுப்பது மருத்துவரும் மொழியியலாரும் அம்மொழி பேசுவோரும் சேர்ந்து செய்யவேண்டிய ஆய்வு. நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசி மக்களிடையே இயங்கும் மருத்துவமனை, அச்சமூகத்தைச் சேர்ந்தவர்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றி வளர்த்தது. லேமனும் கட்புஷும் குருதித்துளிகளைத் திரட்டிச் சென்ற அதே மலையில், சோதனையின் விடையைத் தம் மொழியில் தம் மக்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் இன்று இருக்கிறார்கள்.

1917இன் துளிக்கு மூன்று நிலைகளைப் பிரித்தறியத் தெரியாது. இன்றைய பட்டைக்குத் தெரியும். பட்டையின் விலை குறைவதையும் விரைவு கூடுவதையும் அளக்கும் ஆய்வுகள் தொடர்ந்து வெளியாகின்றன. சோதனை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் தம் நிலையை ஓராண்டு கழித்துத் தம் சொற்களில் எப்படிச் சொல்கிறார் என்பதை அளக்கும் ஆய்வுகளும் அதே அளவில் வரவேண்டும். 6 கோடிப் பேர் சோதிக்கப்பட்டுவிட்ட நாட்டில் அக்கேள்வியைக் கேட்கக் காலம் வந்துவிட்டது.